கேள்வி நேரம்: அப்பா வந்தார், அம்மா வந்தாள்

(இம்மாதக் கேள்விகள் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்தவை. கதை எழுதுகிறவர்களும் படம் வரைகிறவர்களும் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்பவர் ஒரு சிறுகதை எழுத்தாளர்.)

கேள்வி: என் கதையில் பெண்களை எங்கேயும் மட்டம் தட்டவில்லை. அம்மாதான் முக்கியப் பாத்திரம். ஆனாலும் என் தங்கை படித்துவிட்டு, "அண்ணே, இது ஆம்பள எழுதின கதைன்னு மொத பக்கத்துலயே தெரியுது" என்கிறாள். எதை வைத்துச் சொல்கிறாள்?
- வாசகர், லிந்தாங்

பதில்: வினைமுற்றை வைத்துத்தான். நீங்கள் அனுப்பிய முதல் பக்கத்தில் அப்பா வந்தார், உட்கார்ந்தார், பசியாறினார். அம்மா வந்தாள், நின்றாள், பரிமாறினாள். தோட்டத்துக் கணக்கரான கிராணி கேட்டார், கிராணியின் மனைவி சிரித்தாள். மட்டம் தட்டும் வேலையை நீங்கள் செய்யவில்லை, உங்கள் சார்பில் விகுதி செய்துவிட்டது.

கதையை அச்செடுத்துக்கொள்ளுங்கள். 'ஆர்' என முடியும் வினைகளைச் சிவப்பிலும், 'ஆள்', 'ஆன்' என முடிபவற்றை நீலத்திலும் வட்டமிடுங்கள். பிறகு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எதிரில் வயதையும் வேலையையும் எழுதுங்கள். ஐம்பது வயது அப்பாவுக்குச் சிவப்பும் நாற்பத்தெட்டு வயது அம்மாவுக்கு நீலமும் விழுந்திருந்தால், அந்த நிறமாற்றத்துக்கு வயதோ வேலையோ காரணமில்லை என்பது தெரிந்துபோகும்.

திருத்துவதற்கு மூன்று வழி இருக்கிறது, மூன்றிலும் சிக்கலும் இருக்கிறது. எல்லாருக்கும் 'ஆர்' போடலாம். ஆனால் பத்து வயது மகள் சொல்லும் கதையில் "அம்மா அடுப்பை மூட்டினார்" என்று வந்தால் பத்திரிகைச் செய்தி மாதிரி விறைத்துக்கொள்ளும். எல்லாருக்கும் 'ஆன்', 'ஆள்' போடலாம். படர்க்கையில், கதைசொல்லி யாருக்கும் உறவில்லாதவராக இருக்கும்போது இது நன்றாக வேலை செய்யும். "முனியன் வந்தான், அவன் மனைவி செல்லம்மா வந்தாள்" என்பதில் தராசு சமமாக நிற்கிறது. மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது. நம் வீடுகளில் பிள்ளைகள் அம்மாவை 'அம்மா வந்துச்சு', 'அக்கா சொல்லுச்சு' என்றுதான் சொல்கிறார்கள். இலக்கணத்தில் அது அஃறிணை. பேச்சில் அவ்வளவு நெருக்கமான வடிவம் வேறு கிடையாது. கதைசொல்லி தோட்டத்துப் பிள்ளையாக இருந்தால் இதைத் தயங்காமல் எழுதுங்கள். ஆனால் அதே பிள்ளை அப்பாவை 'வந்தாரு' என்றால், அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரிந்தே அங்கே இருக்க வேண்டும். கதையின் நடுவில் எங்காவது அது உறுத்தவும் வேண்டும். தெரியாமல் இருந்தால் அது எழுத்தாளரின் பழக்கம். தெரிந்து இருந்தால் பாத்திரத்தின் பழக்கம்.

விகுதி முடிந்ததும் சொற்களைப் பாருங்கள். வாழாவெட்டி, மலடி என்ற சொற்களுக்கு ஆண்பாலில் அதே அளவு புழங்கும் சொல்லைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. பாத்திரம் திட்டும்போது அவை வரட்டும், கதைசொல்லியின் வாயில் வரக்கூடாது. 'கற்பழிப்பு' என்ற சொல்லோ குற்றத்தைச் செய்தவனை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவளிடமிருந்து ஏதோ அழிந்துபோனதாகச் சொல்கிறது. 'வல்லுறவு' அல்லது 'பாலியல் வன்முறை' என்று எழுதுங்கள்.

கேள்வி: என் பாட்டி முப்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். நான் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வளர்ந்தவன். அவர் குரலில் ஒரு கதை எழுதப் பார்க்கிறேன். 'கஷ்டம், கண்ணீர்' என்பதைத் தாண்டி எழுத்து நகரமாட்டேன் என்கிறது.
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கஷ்டம் என்பது வெளியிலிருந்து பார்க்கிறவரின் சொல். மரத்தடியில் நிற்கிறவருக்கு அது மரம், கத்தி, பால் வடியும் மங்கு, நேரம். குரல் வேண்டுமென்றால் முதலில் கைக்கு வேலை கொடுங்கள்.

விடியுமுன் பெரட்டு. யார் யார் வந்தார்கள், யாருக்கு எந்த மர நிரை என்பது அங்கே முடிவாகும். விடியற்காலையில்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். அதனால்தான் அந்த இருட்டு அவசரம். பட்டையில் வெட்டு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, ஏறக்குறைய முப்பது பாகைச் சரிவில், மரத்தின் பாதிச் சுற்றளவுக்குப் போகும். ஒவ்வொரு முறையும் சீவுவது ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிஞ்சினால் உள்ளே மரம் காயப்பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் கத்தி ஓடாது. மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியிலும் அடி. முதல் நாள் வெட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போடுவது தனிக் கணக்கு. பிறகு மங்குகளை வாளியில் கவிழ்த்து, தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் தூக்கி, ஸ்டோரில் நிறுவை. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா, ரப்பர் எவ்வளவு என்று பார்க்க, மெட்ரோலாக் என்ற கருவியை அதில் மிதக்கவிடுவார்கள்.

இவ்வளவையும் கதையில் கொட்டாதீர்கள். கொட்டினால் கையேடாகிவிடும். இதில் எதை வைத்து உங்கள் பாட்டி உலகத்தை அளப்பார் என்று பாருங்கள். மருமகனைப் பற்றி "ஆழமா வெட்டுற கை, மரம் தாங்காது" என்று அவர் சொன்னால், கண்ணீர் என்ற சொல்லே வேண்டாம். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் கூலி யார் பெயரில் ஏறியது, சம்பளத்தன்று பணத்தை யார் கை வாங்கியது என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் கதை அங்கேயே கிடக்கும்.

கேட்கும் முறையும் முக்கியம். "ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா பாட்டி?" என்று கேட்டால் "ஆமாய்யா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "உங்க நிரையில எத்தன மரம்? எந்த மரம் தொல்ல குடுக்கும்? வெட்டு முடிஞ்சு பால் இறங்குற வரைக்கும் யாரோட உக்காந்திருப்பீங்க? என்ன பேசுவீங்க?" என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்தால் மின்விசிறியை நிறுத்திவிட்டு, அவர் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். தகரக் கூரை வீட்டில் மழை நேரம் வேண்டாம், ஒன்றும் கேட்காது. அன்று இரவே அவர் சொன்ன சொல்லைத் திருத்தாமல் எழுதி வையுங்கள். 'தீம்பார்' என்றால் தீம்பார். அதை 'ரப்பர்த் தோப்பு' ஆக்கினால் அவர் குரல் போய் உங்கள் பள்ளிக்கூடக் கட்டுரை வந்துவிடும். எதை எழுதக்கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

காலக் குழப்பம் வராமல் இரண்டு விவரம். 1955 வேலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, இரவு 10 மணி முதல் விடியற்காலை 5 மணி வரை பெண்களைத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை வாங்குவதைப் பொதுவாகத் தடுத்தது. இரண்டு நாள் வேலைக்கு நடுவில் 11 மணி நேர ஓய்வும் கேட்டது. 2023 தொடக்கத்தில்தான் அந்தப் பிரிவு நீங்கியது. அந்த 11 மணி நேரத்தில் சமையலும் துணி துவைப்பதும் 'ஓய்வு' கணக்கில் சேர்ந்ததை உங்கள் பாட்டி விரிவாகச் சொல்வார். இன்னொன்று, பாட்டி மருந்தடிக்கும் வேலைக்கும் போயிருந்தால் பாராகுவாட் என்ற களைக்கொல்லி கதையில் வரலாம். 2020 ஜனவரி 1க்குப் பிறகு நடக்கும் கதையானால் அது தடை செய்யப்பட்ட பொருள் என்பதை மறக்காதீர்கள். அந்த மருந்து பட்டு நகம் வெடித்தவருக்குப் பூண்டு உரிப்பதுகூட வேதனை. சமையலறைக் காட்சியில் வேறெந்த விளக்கமும் இல்லாமல் அதைக் காட்டிவிடலாம்.

கேள்வி: பெண் குரலில் ஆண் எழுதலாமா? எங்கள் வாசகர் வட்டத்தில் சண்டையே வந்துவிட்டது.
- வாசகி, ஜாலோங்

பதில்: எழுதக்கூடாது என்றால் நம் அகப்பாடல்களில் பெரும்பகுதியைக் கட்டி மூலையில் வைக்க வேண்டியதுதான். தலைவியும் தோழியும் செவிலியும் பேசும் பாட்டுகளை ஆண் புலவர்கள் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். நம்மாழ்வார் பராங்குச நாயகி என்ற பெண்ணாகப் பாடியிருக்கிறார். ஆகவே உரிமை பற்றிய சண்டையை விட்டுவிட்டு, அவர்கள் கையாண்ட உத்தியைப் பார்ப்போம்.

குறுந்தொகையை எடுங்கள். 401 பாட்டு, பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடி. ஒவ்வொன்றுக்கும் யார், யாரிடம், எந்த நிலையில் சொன்னது என்று ஒரு கூற்றுக் குறிப்பு உண்டு. குரல் என்பது அந்தரத்தில் மிதப்பதில்லை. கேட்கிற காது ஒன்று எதிரில் இருக்க வேண்டும். உங்கள் கதையின் ஒவ்வொரு காட்சிக்கு மேலும் அப்படி ஒரு வரி எழுதிப் பாருங்கள்: 'சம்பள நாளில் பணம் குறைந்ததைக் கண்ட மனைவி, கணவன் காதில் விழும்படி பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொன்னது.' இந்த வரி எழுத வரவில்லையென்றால் அந்தப் பெண், வாசகரிடம் நேராகப் பிரசங்கம் செய்துகொண்டிருக்கிறாள் என்று பொருள். ஆண்கள் எழுதும் பெண் குரலில் பெரும்பாலும் தட்டுப்படுவது இந்தக் குறைதான்: கண்ணாடி முன் நின்று தன் அழகையோ தன் துயரத்தையோ தானே வருணித்துக்கொள்வாள். நடப்பில் யாரும் அப்படிச் செய்வதில்லை.

அடுத்து, உவமை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வெள்ளிவீதியார் என்ற பெண்பாற் புலவரின் 27ஆம் குறுந்தொகைப் பாட்டில் தலைவி தன் அழகு வீணாவதை, கன்றும் குடிக்காமல் கலத்திலும் விழாமல் மண்ணில் சிந்திய பசும்பாலோடு ஒப்பிடுகிறாள். பால் கறந்து பழகிய கைக்குத்தான் அந்த நட்டத்தின் அளவு தெரியும். மங்கு சரிந்து பால் மண்ணில் ஓடியதைப் பார்த்த நம் ஊர்ப் பெண்ணுக்கு உரை எதுவும் தேவைப்படாது.

கேள்வி: பெண் பாத்திரங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று சோதிக்க ஏதோ மூன்று விதி இருக்கிறதாமே?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அமெரிக்கக் கேலிச்சித்திரக் கலைஞர் அலிசன் பெக்டெல் 1985இல் ஒரு சித்திரத்தில் போட்டது. இரண்டு பெண்கள் இருக்க வேண்டும்; அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும்; பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக மட்டும் இருக்கக்கூடாது. திரைப்படத்துக்காகச் சொன்னது, அதுவும் பாதி கிண்டலாக. தேறினால் நல்ல கதை என்று அர்த்தமில்லை. நம் சிறுகதைகளுக்கு ஒரு திருத்தம் போடலாம்: பேச்சு மாமியாரைப் பற்றியும் இருக்கக்கூடாது. எத்தனை கதை தேறுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: 1940களில் நடக்கும் கதை எழுதுகிறேன். அதில் தோட்டத்துப் பெண் ஒருத்தி எதிர்த்துப் பேசுகிறாள். "அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது, நீங்கள் இந்தக் காலத்துப் பெண்ணியத்தைத் திணிக்கிறீர்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
- வாசகி, சாலாக்

பதில்: 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலை அவர்களுக்கு அனுப்புங்கள். கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல், துரைமார் எதிரில் சைக்கிளில் போகும் உரிமை இவற்றோடு, துரைமாரும் தோட்ட அதிகாரிகளும் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் செய்யும் பாலியல் அத்துமீறல் நிற்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. அத்துமீறலை அன்றைக்கே பேசினார்கள், எழுதியும் கொடுத்தார்கள். 1943இல் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கான ஜான்சி ராணிப் படை அமைந்தபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் போய்ச் சேர்ந்தார்கள். கோலாலம்பூர் ஜானகி அதன் முக்கிய அதிகாரிகளில் ஒருவரானார். கூலியில் அன்று இருந்த ஏற்றத்தாழ்வும் உங்களுக்குப் பயன்படும்: 1930களில் ஆணுக்கு நாள்கூலி 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு என்பதே வழக்கமான விகிதம். அந்தப் பத்துக் காசை உங்கள் பாத்திரம் வாய்விட்டுக் கேட்கட்டும்.

ஒன்றை மட்டும் திருத்துங்கள். அவள் வாயில் 'ஆணாதிக்கம்' என்ற சொல்லை வைத்திருக்கிறீர்கள். அந்தச் சொல் அவளுக்குத் தெரியாது, பத்துக் காசு தெரியும். திருப்பி அனுப்பியவர்களை உறுத்தியது அந்த ஒரு சொல்லாகத்தான் இருக்கும்.

கேள்வி: என் கதையைப் படித்த எல்லாரும் "இது உங்க வீட்ல நடந்ததா?" என்றே கேட்கிறார்கள். எழுதவே கூச்சமாக இருக்கிறது.
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பெண் பெயரைப் பார்த்தால் கதையை நாட்குறிப்பாக வாசிக்கிற பழக்கம் சீக்கிரம் போகாது. அதற்குள் நீங்கள் செய்யக்கூடியது: கணவன் பாத்திரத்தின் தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, வீடு இருக்கும் இடம் மூன்றையும் உங்களுடையதிலிருந்து மாற்றுங்கள். உணர்ச்சியில் கை வைக்காதீர்கள். கூச்சத்தில் உணர்ச்சியை மாற்றிவிட்டு விவரத்தை அப்படியே வைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: 'பெண் எழுத்தாளர்' என்று போடுவது சரியா?

பதில்: 'எழுத்தாளர்' பொதுச்சொல். பக்கத்து ஆள் பெயருக்கு முன்னால் 'ஆண்' என்று அச்சாகும் நாளில் நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் சிறுவர் கதைகளுக்கு வேடிக்கைச் சித்திரங்கள் வரைகிறேன்: கண்ணாடி போட்ட இருவாட்சி, குடை பிடித்த சருகுமான் மாதிரி. "பொம்பளப் பிள்ள பொழுதுபோக்குக்குக் கிறுக்குது" என்கிறார்கள். இதை எப்படிச் சீராகச் செய்வது? வேலையை மேற்பார்க்கும் தோட்டத்து மண்டோர் ஒருவரின் தொல்லையைப் பற்றிய கதைக்கும் படம் கேட்டிருக்கிறார்கள். இந்தப் பாணி அதற்குச் சரிவருமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சருகுமானிலிருந்தே தொடங்குவோம். மலாய் நாட்டுப்புறக் கதையில் வரும் சாங் காஞ்சில் என்ற சருகுமானுக்கு மலாய் மொழி 'டியா' என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. அதில் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. தமிழில் அதைச் சொல்லும்போது 'அவன்' ஆக்கியது நாம்தான். தமிழில் 'அது' என்ற வசதி கையிலிருந்தும் புத்திசாலி மிருகமென்றால் அவன், வாயாடிக் காக்கையென்றால் அக்கா என்று பிரித்துவிடுகிறோம். படத்திலும் இதே கதைதான். சும்மா வரைந்தால் ஆண். அதையே பெண்ணாக்க இமைமயிரும் தலையில் பூவும் சேர்த்துவிடுகிறார்கள். உங்கள் மாதிரிப் படங்களில் ஒன்பது மிருகத்தில் இரண்டுக்கு மட்டும் இமைமயிர் இருக்கிறது. அழித்துப் பாருங்கள், ஒன்றும் குறையாது.

உடலளவைக் கவனியுங்கள். வளர்ந்த மனித உடல் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம். வேடிக்கைச் சித்திரத்தில் அதை மூன்று அல்லது நான்கு தலையாகக் குறுக்குகிறோம். பல ஓவியர்கள் ஆண்களை மட்டும் மூன்று தலைக்குக் குறுக்கி, தொந்தியும் மூக்கும் வைத்துவிட்டு, பெண்களை ஏழு தலை உயரத்தில் சிற்றிடையோடு நிறுத்திவிடுகிறார்கள். இல்லையென்றால் கையில் பூரிக்கட்டை. அழகு அல்லது பூரிக்கட்டை, நடுவில் ஒன்றுமில்லை. அவர்களையும் மூன்று தலைக்குக் கொண்டுவாருங்கள். ஒட்டுப்பால் பையைத் தூக்கும் பெண்ணின் தோள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், சட்டைக்கு மேல் சட்டை போட்டிருப்பார், தலைத்துணியின் முடிச்சு எங்கோ நிற்கும். சிரிப்பு அதிலிருந்து வரட்டும்.

மண்டோர் கதைக்கு உங்கள் பாணி நன்றாகவே ஒத்துவரும், ஆனால் அவரை முதலையாக வரையாதீர்கள். முதலையைப் பார்க்கும் பிள்ளை, நம் ஊரில் முதலை இல்லையே என்று நிம்மதியாகிவிடும். எல்லா மண்டோரையும் போல அவரை வரைந்து, நடக்கவே முடியாத ஒரு விவரத்தை மட்டும் சேருங்கள். உதாரணமாக, அவர் குடை எல்லாப் படத்திலும் விரிந்தே இருக்கட்டும், வீட்டுக்குள்ளும் கோயிலிலும்கூட. அதன் நிழல் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகி, அந்தப் பெண் நிற்கும் நிரைவரைக்கும் நீளட்டும். ஒரு கதைக்கு ஒரு விசித்திரம் போதும். மரம், மங்கு, கத்தி, வெட்டின் சரிவு எல்லாம் அச்சு அசலாக இருந்தால்தான் அந்த ஒன்று கண்ணில் குத்தும். மங்கில் வால் முளைத்து, மரத்துக்குக் கண் வந்து, குடையும் நடந்தால் எது முக்கியம் என்று பிள்ளைக்குத் தெரியாது.

இனி பொருள். 80 கிராம் நகல் தாளில் நீர்வண்ணம் போட்டால் அலை அலையாகச் சுருங்கும். 300 கிராம் நீர்வண்ணத் தாள் வாங்குங்கள். கோட்டுக்கு நீரில் கரையாத மை உள்ள பேனாதான் வேண்டும், இல்லையென்றால் வண்ணம் பட்டதும் மூக்கு கன்னத்தில் ஓடும். நம் ஈரக்காற்றில் மை காய நேரம் எடுக்கும், அவசரப்படாமல் ஓரத்தில் ஒரு சோதனைக் கோடு போட்டு ஈரத் தூரிகையால் தடவிப் பாருங்கள். அச்சாகும் அளவைப்போல் ஒன்றரை மடங்கு பெரிதாக வரைவது நல்லது, சின்ன நடுக்கம் மறையும். ஆனால் 0.1 மில்லிமீட்டர் பேனாக்கோடு அச்சில் 0.07க்கு இறங்கிக் காணாமல் போகும். முக்கியக் கோட்டுக்கு 0.5, உள்விவரத்துக்கு 0.3, அதற்குக் கீழே போகாதீர்கள். கோலம் பழகிய கை உங்களுக்கு இருப்பது தெரிகிறது. நீண்ட வளைவுகளைப் பேனாவை எடுக்காமல் இழுக்கிறீர்கள், அதை விடவேண்டாம். வெறும் கோட்டுப்படமென்றால் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), வண்ணமென்றால் 300 டிபிஐயில் வருடி (ஸ்கேன் செய்து) அனுப்புங்கள். கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால் ஓரம் வளையும், வெள்ளைத்தாள் மஞ்சளாகும்.

மூலப்படங்களை நெகிழிப் பையில் மூடிக் கட்டிலுக்கடியில் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். படங்களுக்கிடையே அமிலமில்லாத தாள் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள பெட்டியில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பொட்டலத்தை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பழுப்புப் புள்ளி விழுந்த இருவாட்சியைத் தேய்க்க வேண்டாம். தேய்த்தால் வண்ணமும் சேர்ந்து வந்துவிடும். காற்றோட்டமான நிழலில் ஒரு நாள் விரித்து வைத்து, உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிட்டு, முதல் வேலையாக வருடி வைத்துக்கொள்ளுங்கள்.